தொண்டு நிறுவனமும் ஹெல்த் ஆராய்ச்சிக்காரங்களும் சேர்ந்து வேலை பண்றது: அடிக்கடி வர்ற கேள்விகள்

ரெண்டு பக்கமும் பழகுற ஆளுங்கறதால இந்த கேள்விங்க எனக்கு மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கு. தொண்டு சங்கம் நடத்துறவங்க ஒரு மாதிரி கேப்பாங்க, யுனிவர்சிட்டில இருக்கறவங்க இன்னொரு மாதிரி கேப்பாங்க, ஆனா பாதிக்கு மேல ஒரே சந்தேகம்தான். தனித்தனியா டைப் பண்ணி மாளல, அதான் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். நான் கொஞ்சம் சங்கத்து பக்கம் சாயுற ஆளு, அதையும் கணக்குல வச்சுக்கிட்டு படிங்க.

நாங்க ரொம்ப சின்ன சங்கம் சார், ஆராய்ச்சி பண்றவங்களுக்கு எங்ககிட்ட என்ன இருக்கு?

நெறைய இருக்கு. ஆஸ்பத்திரி ரிக்கார்டுல இருக்கறது ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க கணக்கு மட்டும்தான். வராதவங்க யாரு, வந்துட்டு ரெண்டாவது மாசமே மாத்திரைய நிறுத்தினவங்க ஏன் நிறுத்தினாங்க, வீட்ல யார் சொன்னா கேப்பாங்க, எந்த நேரத்துல போனா கதவை திறப்பாங்க, இதெல்லாம் உங்க ஆளுங்களுக்கு அத்துப்படி, எந்த டேட்டாபேஸ்லயும் கிடையாது. அதுக்கும் மேல மக்கள் உங்கள நம்பி வாய தொறப்பாங்க, புதுசா நோட்டும் கையுமா வர்ற பிஎச்டி ஸ்டூடண்ட் எவ்ளோ தங்கமான ஆளா இருந்தாலும் அவர்கிட்ட அது நடக்காது.

ஆனா ஒண்ணு, அந்த நம்பிக்கை உங்க சொத்து கிடையாது, மக்கள் உங்ககிட்ட குடுத்து வச்சிருக்கறது. ஆராய்ச்சி டீம் மூணு வருஷத்துல கிளம்பிடும், ஏதாவது கோளாறானா மறுநாள் அதே தெருவுல முகம் குடுக்க வேண்டியது நீங்கதான். கீழ இருக்கற பதில் எல்லாமே சுத்தி சுத்தி இங்கதான் வந்து நிக்கும்.

பார்ட்னர்ஷிப்னு சொல்றாங்க, ஆனா ஸ்டடிக்கு ஆள் புடிச்சு குடுக்கதான் கேக்குறாங்க. இதுக்கு பேரு பார்ட்னர்ஷிப்பா?

இல்ல. 1969ல ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒரு அம்மா மக்கள் பங்கேற்பை எட்டு படி உள்ள ஏணியா பிரிச்சு எழுதினாங்க. அவங்க எழுதினது நகர திட்டமிடல் பத்தி, ஆனா ஹெல்த் ஆளுங்க இன்னைக்கும் அத வச்சுதான் பேசுறாங்க. அடில இருக்கற ரெண்டு படி பேருக்குதான் பங்கேற்பு. நடுவுல தகவல் சொல்றது, கருத்து கேக்குறது, கமிட்டில ஒரு சீட்டு குடுத்து சமாதானப்படுத்துறது. பார்ட்னர்ஷிப் வர்றது ஆறாவது படிலதான், அதாவது முடிவெடுக்கற அதிகாரத்த பேசி பங்கு போட்டுக்கற எடத்துல.

ஆள் சேர்த்து குடுக்கறது ஒண்ணும் கேவலமான வேலை இல்ல, ஸ்டடிக்கு அது தேவை. அப்படின்னா அத அந்த பேர்ல சொல்லி, அதுக்கு உண்டான காச குடுத்து, அந்த அளவுக்கு மட்டும் பொறுப்பு எடுத்துக்கங்க. பேரு மட்டும் பார்ட்னர், வேலை புரோக்கர்னா ஒத்துக்காதீங்க.

அப்போ எந்த கட்டத்துல பேச ஆரம்பிக்கணும்?

ஃபண்டுக்கு அப்ளிகேஷன் எழுதறதுக்கு முன்னாடி. நாளைக்கு கடைசி தேதி, இன்னைக்கு சாயங்காலம் ஒரு சப்போர்ட் லெட்டர் வேணும்னு வர்ற மெயில் எல்லா சங்கத்துக்கும் பழக்கம், அந்த லெட்டர் குடுத்துட்டா ஸ்டடியோட கேள்வி, எத்தனை பேர், எத்தனை விசிட், எல்லாம் முடிவான பின்னாடி நீங்க உள்ள போறீங்கன்னு அர்த்தம். ஃபண்ட் வந்தப்புறம் அதுல பெருசா எதையும் மாத்த முடியாது.

கேள்விய யார் தேர்ந்தெடுக்கறாங்கங்கறதுதான் முக்கியம். பிரிட்டன்ல ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ்னு ஒரு அமைப்பு 2004ல இருந்து இதையே வேலையா பண்ணுது. நோயாளிங்க, அவங்கள பாத்துக்கறவங்க, டாக்டருங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து, இன்னும் பதில் தெரியாத கேள்விங்கள்ல எது ரொம்ப அவசரம்னு பேசி டாப் 10 லிஸ்ட் போடுவாங்க. புது மருந்து வேணும்னு நினைச்சுட்டு போற டாக்டர்கிட்ட நோயாளி சோர்வு, தூக்கம், அரிப்புன்னு தினசரி அவஸ்தைய சொல்வாரு.

இன்னொரு உதாரணம் ஜார்க்கண்ட், ஒடிசால எக்ஜுட்ங்கற தொண்டு அமைப்பும் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆராய்ச்சிக்காரங்களும் சேர்ந்து பண்ணினது. பெண்கள் குழுங்க மாசாமாசம் கூடி, பிரசவத்துலயும் பச்சக்குழந்தைக்கும் வர்ற ஆபத்து என்னென்னன்னு படம், கதை வச்சு பேசி, எதை முதல்ல கையில எடுக்கறதுன்னு அவங்களே முடிவு பண்ணாங்க. அந்த முடிவ எடுக்க விட்டதுதான் அங்க வைத்தியமே. 2010ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல ரிசல்ட் வந்துச்சு, குழு இல்லாத பகுதிய விட குழு நடந்த பகுதில பிறந்த ஒரு மாசத்துக்குள்ள குழந்தை இறக்கறது 32 சதவீதம் கம்மி.

எங்க டீம் நல்ல டீம்தான், அப்புறம் ஏன் ஆராய்ச்சின்னு சொன்னதும் மக்கள் ஒதுங்குறாங்க?

இத கேக்கறது பெரும்பாலும் ஆராய்ச்சி பக்கம் இருக்கறவங்க. நீங்க நல்லவங்கதான், ஆனா உங்களுக்கு முன்னாடி வந்தவங்க கணக்கும் உங்க தலைலதான். அமெரிக்காவுல டஸ்கீகில 1932ல இருந்து 1972 வரைக்கும் அரசு பொது சுகாதாரத் துறையே சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை வைத்தியம் பண்ணாம சும்மா கவனிச்சுட்டே இருந்துச்சு, 1940கள்லயே பென்சிலின் வந்தும் குடுக்கல. நியூஸ் பேப்பர்ல வெளிய வந்தப்புறம்தான் நிறுத்தினாங்க. ஜனாதிபதி மன்னிப்பு கேட்டது 1997ல.

அது பழைய காலம்னு சொல்றவங்களுக்கு ஹவசுபாய் கதை. அமெரிக்காவோட கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குல வாழ்ற பழங்குடி மக்கள், அவங்கள்ல சர்க்கரை நோய் ரொம்ப ஜாஸ்தி, அதுக்கு காரணம் கண்டுபிடிக்கலாம்னு 1990ல இருந்து அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு ரத்தம் குடுத்தாங்க. அதே ரத்தத்த மனச்சிதைவு நோய், சொந்தத்துக்குள்ள கல்யாணம், அவங்க மூதாதையர் எங்க இருந்து வந்தாங்கங்கற ஆராய்ச்சிக்கெல்லாம் பயன்படுத்தினது பின்னாடிதான் தெரிய வந்துச்சு. கடைசி விஷயம் அவங்க நம்பிக்கையையே தொட்டுடுச்சு, அந்த பள்ளத்தாக்குலயே தோன்றினவங்கங்கறது அவங்க நம்பிக்கை. கேஸ் 2010ல சமரசமாச்சு, 7 லட்சம் டாலர் குடுத்து மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பி குடுத்தாங்க.

எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவல் வாங்கியாச்சு, இன்னும் என்ன பாக்கணும்?

கமிட்டி பெரும்பாலும் ஒவ்வொரு ஆளையும் தனியா எடுத்து இவருக்கு ஆபத்து இருக்கா, இவர் சம்மதிச்சாரான்னு பாக்கும். ஹவசுபாய் விஷயத்துல கையெழுத்து இருந்துச்சு, அடிபட்டது மொத்த சமூகமும். ஒரு ஏரியா பேரை போட்டு இங்க போதைப் பழக்கம் ஜாஸ்தின்னு ஆராய்ச்சி பேப்பர் வந்தா, ஸ்டடில சேராத ஆளுக்கும் அங்க வாடகைக்கு வீடு கிடைக்காது, வேலை கேட்டு போற பசங்களுக்கு அட்ரஸே எதிரியாயிடும்.

இதுக்குத்தான் சில சமூகங்க தாங்களே விதி எழுதிக்கிட்டாங்க. தென்னாப்பிரிக்காவுல சான் பழங்குடி மக்கள் 2017ல ஒரு ஆராய்ச்சி நெறிமுறைய வெளியிட்டாங்க, மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறைன்னு நாலு அடிப்படை மதிப்பு, ஆராய்ச்சி பண்ணணும்னா முதல்ல அவங்க கவுன்சில்ல வந்து பேசணும். டாக்டருங்க உலகத்துலயும் இது மாறிட்டு வருது. மனுஷங்கள வச்சு பண்ற மருத்துவ ஆராய்ச்சிக்கு 1964ல எழுதின நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்த 2024ல திருத்தினப்போ, ஆராய்ச்சிக்கு முன்னாடி, நடக்கும்போது, முடிஞ்சப்புறம்னு எல்லா கட்டத்துலயும் சமூகத்தோட பேசணும்னு சேர்த்திருக்காங்க. சங்கத்துக்காரங்க இத மீட்டிங்ல எடுத்து சொல்லுங்க, தலையாட்டிட்டு வராதீங்க.

காசு எப்படி பிரிக்கிறது? கேக்கவே கூச்சமா இருக்கு

கூச்சப்படாதீங்க, அவங்க யுனிவர்சிட்டி கூச்சப்படாது. கட்டடம், கரண்ட், அட்மின் செலவுன்னு ஓவர்ஹெட் ஒரு சதவீதம் எடுத்துக்குவாங்க, உங்களுக்கும் ஆபீஸ் இருக்கு, அக்கவுண்டண்ட் இருக்காரு, அந்த லைன் உங்க பக்கத்துலயும் வரணும். சங்கங்க வழக்கமா எழுதறது களப்பணியாளர் சம்பளமும் பஸ் செலவும் மட்டும்தான். விட்டுப்போறது என்னன்னா மீட்டிங்குக்கு போற உங்க நேரம், ட்ரெய்னிங் நாட்கள்ல நின்னு போற வழக்கமான வேலை, போன் டேட்டா, கேள்வித்தாள தரம் பாக்குற சூப்பர்வைசர், ரிசல்ட்ட மக்கள்கிட்ட திருப்பி சொல்ற கூட்டத்துக்கான செலவு. கடைசியா சொன்னது பட்ஜெட்ல இல்லாம போனா அந்த கூட்டம் நடக்கவே நடக்காது, அப்போ எல்லார் கையிலயும் காசு தீர்ந்திருக்கும்.

எப்போ தருவாங்கன்னும் பாருங்க. செலவு பண்ணிட்டு பில் அனுப்புங்க, பின்னாடி தர்றோம்னு ஒரு முறை இருக்கு, பெரிய நிறுவனத்துக்கு அது சரி, மாச சம்பளமே தடுமாறுற சங்கத்துக்கு கழுத்துல கத்தி. முதல் தவணை முன்பணமா வேணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குங்க.

ஸ்டடில சேர்றவங்களுக்கு போக்குவரத்தும் இழந்த கூலியும் குடுக்கறது நியாயம். அதே சமயம், மனசுக்கு புடிக்கலன்னாலும் அந்த காசுக்காகவே ஒத்துக்குவாங்கங்கற அளவுக்கு தொகை போனா தப்பு. அந்த கோடு எங்க இருக்குன்னு ஆராய்ச்சி டீமை விட உங்க ஆளுங்க சரியா சொல்வாங்க.

எங்க களப்பணியாளர்களே கன்சென்ட் வாங்கிடலாமா, அவங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்?

தெரியும்ங்கறதுதான் சிக்கலே. மாசாமாசம் வந்து பிரஷர் பாத்து மாத்திரை வாங்கி குடுக்கற அக்காவே ஃபார்ம நீட்டினா யார் முடியாதுன்னு சொல்வா? சொன்னா அக்கா கோச்சுப்பாங்களோ, அடுத்த மாசம் வரமாட்டாங்களோன்னு மனசுல ஓடும். இன்னொரு பக்கம் அக்கா கொண்டு வந்ததால இது வைத்தியம்னே நினைச்சுடுவாங்க. ஆராய்ச்சிய வைத்தியம்னு தப்பா புரிஞ்சுக்கறத பத்தி 1980கள்ல இருந்தே நெறைய எழுதியிருக்காங்க, டாக்டர் விஷயத்துல கண்டுபிடிச்சது, சங்கத்து ஆளு விஷயத்துல இன்னும் பலமா இருக்கும்னு நான் சொல்வேன்.

அதனால அறிமுகம் மட்டும் உங்க ஆளு பண்ணட்டும், விளக்கி சம்மதம் வாங்கறது வேற ஒருத்தர். நடுவுல ஒரு ராத்திரியாவது இடைவெளி விடுங்க, வீட்ல கலந்து பேசுவாங்க. "சேரலன்னாலும் இப்போ கிடைக்கறது எதுவும் நிக்காது"ங்கற வரிய வாய்விட்டு சொல்லணும், அப்புறம் அவங்களையே அவங்க வார்த்தைல திருப்பி சொல்ல சொல்லுங்க. ஆட்கள சேர்த்த எண்ணிக்கைக்கு களப்பணியாளருக்கு ஊக்கத்தொகை குடுக்கற பழக்கம் சில இடத்துல இருக்கு, தயவு செஞ்சு வேணாம், மேல சொன்ன எல்லாத்தையும் அது ஒரே வாரத்துல கெடுத்துடும்.

கேள்வித்தாள் அனுப்பிருக்காங்க, அத அப்படியே கேட்டு நிரப்பினா போதும்ல?

முதல்ல உங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் உக்காந்து ஒருத்தர ஒருத்தர் கேட்டு பாருங்க, கடிகாரத்த வச்சுக்கிட்டு. இருவது நிமிஷம்னு போட்டிருக்கறது முக்கால்வாசி நேரம் அதுக்குள்ள முடியாது, அதுலயும் நிஜ வீட்ல குழந்தை அழும், பக்கத்து வீட்டம்மா வந்து நிப்பாங்க, மாமியார் பதில் சொல்வாங்க.

அடுத்தது பதில் வந்தா என்ன பண்றது. மனச்சோர்வு பாக்கறதுக்கு பிஎச்கியூ-9னு ஒரு கேள்வித்தாள் உலகம் பூரா ஓடுது, மொத்தம் 9 கேள்வி, எட்டு கேள்வி தூக்கம், பசி, சோர்வுன்னு போகும், ஒன்பதாவது கேள்வி கடந்த 2 வாரத்துல செத்துட்டா நல்லாயிருக்கும்னோ உங்கள நீங்களே காயப்படுத்திக்கணும்னோ தோணுச்சான்னு. ஒருத்தர் தலைய குனிஞ்சுக்கிட்டு "தினமும்"னு சொல்றாரு. டேப்லட்ல அந்த பதிலுக்கான 3ஐ தொட்டதும் திரை அடுத்த பக்கத்துக்கு போயிடும், வீட்டுக்கு யார் யார் வர்றாங்க, கழிவறை இருக்கான்னு. கேள்வி கேக்கப் போன உங்க களப்பணியாளர் பொண்ணுக்கு இருவத்திரெண்டு வயசு, அங்க தனியா உக்காந்திருக்கா. அந்த நிமிஷம் அவ யாருக்கு போன் பண்ணணும், அந்த ஆள் போன எடுப்பாரா, அன்னைக்கே பாக்க எந்த டாக்டர் இருக்காரு, இது எழுத்துல இல்லாம ஒரு வீட்டுக்கும் போகாதீங்க. குடும்ப வன்முறை கேள்விக்கும் இதே கதைதான், அதுல பக்கத்துல வேற யாரும் இருக்கவே கூடாது.

சேகரிக்கற டேட்டா யாருக்கு சொந்தம்?

ஒப்பந்தத்துல எழுதலன்னா நடைமுறைல யார் கம்ப்யூட்டர்ல இருக்கோ அவங்களுக்கு. கனடாவுல ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்ங்கற பூர்வகுடி மக்கள் 1998ல இதுக்கு நாலு விஷயம் கேட்டாங்க: சொந்தம் யாருக்கு, கட்டுப்பாடு யார் கையில, யார் பாக்கலாம், எங்க வச்சிருக்கறது. எந்த ஒப்பந்தத்தையும் இந்த நாலையும் வச்சு படிச்சு பாருங்க, ஓட்டை எங்கன்னு தெரிஞ்சுடும். அஞ்சாவதா நான் ஒண்ணு சேர்ப்பேன், வேற ஆராய்ச்சிக்கு திரும்ப பயன்படுத்தணும்னா யார கேக்கணும். ஹவசுபாய் சண்டை முழுக்க அந்த ஒரு கேள்விலதான்.

"பேர எடுத்துட்டோம், அதனால பாதுகாப்பு"ன்னு சொன்னா உடனே திருப்தி ஆயிடாதீங்க. லட்டான்யா ஸ்வீனின்னு ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் 2000ல காட்டினாங்க, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தபால் குறியீடு, இந்த மூணு மட்டும் இருந்தாலே அமெரிக்க மக்கள்ல 87 சதவீதம் பேர தனியா அடையாளம் காண வாய்ப்பு இருக்குன்னு. சின்ன ஊர்ல அவ்ளோகூட வேணாம், "மூணு குழந்தை, நர்ஸ் வேலை, டயாலிசிஸ்"னு எழுதினா போதும் எல்லாரும் கண்டுபிடிச்சுடுவாங்க.

பேப்பர்ல எங்க பேர் வருமா?

மருத்துவ பத்திரிகைங்க பெரும்பாலும் ஐசிஎம்ஜேஇங்கற மருத்துவ பத்திரிகை எடிட்டர்கள் கமிட்டியோட விதியதான் பின்பற்றுது, நாலு நிபந்தனை: திட்டமிடுறதுலயோ டேட்டாவுலயோ கணிசமான பங்கு, எழுதறதுல இல்ல திருத்தறதுல பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ள இருக்கறதுக்கு பொறுப்பு. சங்கத்துக்காரங்களுக்கு முதல் தகுதி வந்துடும், ரெண்டாவதுல தட்டி விட்டுடுவாங்க, ஏன்னா டிராஃப்டே அனுப்ப மாட்டாங்க. அதனால டிராஃப்ட் எங்களுக்கும் வரணும், படிக்க டைம் வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. நன்றி பகுதில பேர் போடுறோம்னு சொன்னா அது வேற, ஆசிரியர்ங்கறது வேற.

கன்ட்ரோல் குரூப்னா எங்க ஆளுங்கள்ல பாதி பேருக்கு ஒண்ணும் செய்ய மாட்டோம்னு அர்த்தமா? எங்களால மக்கள்கிட்ட இத சொல்ல முடியாது

கன்ட்ரோல் குரூப்னா புது வைத்தியமோ திட்டமோ குடுக்காம, ஒப்பிட்டு பாக்கறதுக்காக வச்சிருக்கற குழு. முதல்ல கேக்க வேண்டியது, அந்த புதுசு வேலை செய்யும்னு நமக்கு ஏற்கனவே தெரியுமா. நிஜமாவே தெரியும்னா யாருக்கும் மறுக்கக் கூடாது, டஸ்கீகில நடந்தது அதுதான். தெரியாதுன்னா கன்ட்ரோல் குரூப் எதையும் இழக்கல, சில சமயம் அவங்கதான் தப்பிச்சவங்க. வழக்கமா கிடைக்கற வைத்தியம் அவங்களுக்கு தொடரணும், அதுல கை வைக்கற ஸ்டடின்னா வேணாம்னுடுங்க.

இன்னொரு வழி இருக்கு, எல்லாருக்கும் குடுக்கறது, ஆனா வரிசையா. எப்படியும் ஒரே நாள்ல எல்லா இடத்துக்கும் உங்களால போக முடியாதுல, எந்த பகுதி முதல்லன்னு குலுக்கல்ல எடுத்தா இன்னும் வாய்ப்பு வராத பகுதிதான் ஒப்பீடு. காம்பியாவுல 1986ல ஹெபடைடிஸ் பி தடுப்பூசிய நாடு முழுக்க இப்படித்தான் நாலு வருஷத்துல படிப்படியா கொண்டு போனாங்க. குலுக்கல மக்கள் முன்னாடியே போடுங்க, தலைவர் சொந்தக்காரங்க தெருவுக்கு முதல்லன்னு ஒரு பேச்சு கிளம்பாது.

ஆராய்ச்சி பண்ணி எங்க திட்டம் வேலை செய்யலன்னு வந்துட்டா? எங்களுக்கு டோனர் போயிடுவாங்களே

இதுதான் எல்லாரும் கடைசியா மெதுவா கேக்கறது. பயம் நியாயம்தான். ஆனா "ரிசல்ட் புடிக்கலன்னா வெளியிடக் கூடாது"ன்னு நிபந்தனை போட்டா எந்த உருப்படியான ஆராய்ச்சியாளரும் வரமாட்டார், வந்தாலும் அந்த ரிசல்ட்ட யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க கேக்க வேண்டியது தடை போடுற உரிமை இல்ல, வெளிய வர்றதுக்கு முன்னாடி படிக்க ஒரு மாசம், உங்க விளக்கத்தையும் கூடவே சேர்க்கற உரிமை, டோனர்கிட்ட நீங்களே முதல்ல சொல்ற அவகாசம்.

நல்ல எண்ணத்துல பண்றது கெடுதல் ஆகுமான்னா, ஆகியிருக்கு. அமெரிக்காவுல 1939ல கேம்பிரிட்ஜ்-சோமர்வில்னு ஒரு திட்டம், வழி தவறக் கூடாதுன்னு சின்ன பசங்களுக்கு வழிகாட்டி, ட்யூஷன், மருத்துவ உதவி, கேம்ப் எல்லாம் வருஷக்கணக்குல குடுத்தாங்க. முப்பது வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்ட் அவங்கள தேடிப்போய் பாத்தாங்க, பெரும்பாலானவங்க அது எனக்கு உதவுச்சுன்னுதான் சொன்னாங்க. ஆனா உதவி கிடைக்காத பசங்களோட ஒப்பிட்டா குடிப்பழக்கம், மன நோய், சீக்கிரம் சாகறது, இதுலயெல்லாம் உதவி கிடைச்சவங்கதான் மோசமா இருந்தாங்க. 1978ல அந்த ரிசல்ட் வந்துச்சு. கன்ட்ரோல் குரூப் இல்லாம இருந்திருந்தா அந்த நன்றி வார்த்தைங்கள வச்சு இன்னும் பத்து ஊருக்கு அந்த திட்டத்த கொண்டு போயிருப்பாங்க.

ஒரு நல்ல சங்கத்தோட பேசியாச்சு, அப்போ சமூகத்தோட பேசின மாதிரிதானே?

ஆராய்ச்சி நண்பர்களே, இல்ல. சங்கத்துக்கும் வேண்டியவங்க, வேண்டாதவங்க உண்டு, சண்டை போட்டு வெளிய போனவங்க உண்டு. சங்கம் வழியா மட்டும் ஆள் சேர்த்தா ஏற்கனவே உதவி எட்டினவங்கதான் உங்க ஸ்டடில இருப்பாங்க, எட்டாதவங்க ஆஸ்பத்திரி ரிக்கார்டுல இல்லாத மாதிரியே உங்க டேட்டாவுலயும் இருக்க மாட்டாங்க. தலைவர் சரின்னு சொன்னது உள்ள நுழைய அனுமதி மட்டும்தான், தனித்தனி ஆளோட சம்மதத்துக்கு அது ஈடாகாது. ஆலோசனைக் குழு போடுறீங்கன்னா நல்லா பேசத் தெரிஞ்சவங்களை மட்டும் உக்கார வைக்காதீங்க, மீட்டிங்க அவங்க வேலை முடியற நேரத்துல வைங்க, வந்த நேரத்துக்கு காசு குடுங்க. சங்கத்துக்காரங்களும் "நாங்கதான் மக்கள்"னு பேசறத கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

ஒப்பந்தம் போட்டாச்சு, பாதில சரியா போகல. விலகலாமா?

ஸ்டடில சேர்ந்த தனி ஆள் எப்போ வேணா காரணம் சொல்லாம விலகலாம், அது எல்லா நெறிமுறைலயும் உண்டு. சங்கம் விலகறது ஒப்பந்தத்த பொறுத்தது, அதனால எத்தனை நாள் நோட்டீஸ், மிச்ச பணம் என்ன, டேட்டா என்ன ஆகும்னு கையெழுத்துக்கு முன்னாடியே அதுல வந்துடணும். சண்டை வந்தா முதல்ல எழுத்துல ஒரு மெயில், என்ன நடந்துச்சு, என்ன மாறணும்னு, அப்புறம் தலைமை ஆராய்ச்சியாளரோட நேர்ல பேச்சு. அவரும் கேக்கலன்னா எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதலாம், கன்சென்ட் ஃபார்ம் கடைசில இருக்கற அந்த போன் நம்பர் சேர்ந்தவங்களுக்கு மட்டும்னு பல பேர் நினைக்கறாங்க, மக்களுக்கு பாதிப்புன்னா சங்கமும் கூப்பிடலாம்.

விலகறதுன்னே முடிவானா அவசரப்பட்டு அன்னைக்கே கதவ சாத்தாதீங்க. ஸ்டடி வழியா மருந்தோ கவுன்சிலிங்கோ நடுவுல ஓடிட்டு இருக்கறவங்க லிஸ்ட்ட முதல்ல எடுங்க, ஒவ்வொருத்தருக்கும் அடுத்த டோஸ், அடுத்த அப்பாயின்ட்மென்ட் எங்கன்னு முடிவு பண்ணி அவங்ககிட்ட நேர்ல சொல்லுங்க. விலகல் லெட்டர்ல கையெழுத்து போடுறது அதுக்கப்புறம்.